நான்காவது கேள்விக்கு வந்த குரல்

எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் ஹலோக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும், அது மின் கட்டண அட்டையில் மட்டும் இருக்கிறது. மைக்செட் கடை வைத்திருக்கிறார். எந்த மேடைக்குப் போனாலும் மைக்கை விரலால் இரண்டு தட்டு தட்டி, “ஹலோ, ஹலோ” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை மைக்கில் பேசி யாரும் கேட்டதில்லை. ஊரையே பேச வைக்கிற மனுஷன், தன் முறை வந்தால் இரண்டு ஹலோவோடு இறங்கிவிடுவார்.

அவர் கடைக்கு நேரெதிரே என் சைக்கிள் கடை. நான் பஞ்சர் ஒட்டும்போது நிமிர்ந்தால் அவர் முகம், அவர் ஸ்பீக்கரைக் கழற்றும்போது நிமிர்ந்தால் என் முகம். இருபத்தாறு வருஷமாக இப்படியே ஓடுகிறது. அவர் கடையின் பின்பாதிதான் அவர்கள் வீடு. நடுவில் ஒரு பலகைத் தட்டி. அதற்கு அந்தப் பக்கம் அவர் சம்சாரம், எனக்கு அண்ணி, சமைப்பாள், இந்தப் பக்கம் வந்து ஈயம் வைத்து ஒயரைப் பற்றவைப்பாள். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் பற்றவைக்கும் கம்பி என்று சொன்னால் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை. நூறடி ஒயரை முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் எட்டு மாதிரி சுற்றி, ஒரு சிக்கல் விழாமல் ஆணியில் மாட்டுவாள். அவர் சுற்றினால் அடுத்த நாள் அதைப் பிரிக்கவே அரை நாள் போகும்.

கொடியேற்றும் நாள் வந்தால் பள்ளிக்கூட மைதானத்துக்கு மைக்செட் அவருடையதுதான். காலையிலேயே குழாய் ஸ்பீக்கர்கள் பள்ளிக்கூரையிலும் நாலு தெரு முனையிலும் ஏறிவிடும். கொடி ஏறி முடிந்ததும் அந்தக் கவிதையைப் போடுவார். பாட்டில்லை. மேளமோ பிடிலோ எதுவும் இல்லை. ஒரே ஒரு ஆண் குரல். அடிவயிற்றிலிருந்து நிதானமாக ஏறி வரும்.

“இது யாருடைய நாடு?” என்று கேட்கும். கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கும். பிறகு தானே பதில் சொல்லும்.

“ஏரைப் பிடித்தவன் கையில்
காய்த்த காய்ப்பின் நாடு.”

மறுபடி அதே கேள்வி. இரண்டாவது பதில் கல் சுமந்தவன் தோள் தழும்புக்கு. மூன்றாவது, சக்கரம் உருட்டிச் சென்றவனின் சாலைப் புழுதிக்கு. அந்த மூன்றாவது என்னுடையது. லாரி ஓட்டுபவர்கள் தங்களுடையது என்பார்கள், ஓட்டட்டும். சக்கரம் என்றால் முதலில் சைக்கிள்தான்.

எனக்கு இந்த நாட்டின் மேல் ஆயிரம் குறை உண்டு. என் கடை வாசலில் தோண்டிய குழியை மூன்று வருஷமாக யாரும் மூடவில்லை. ஒரு கையெழுத்துக்கு ஒன்பது தடவை நடக்க வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்தக் குரல் கேள்வி கேட்டால் கையில் இருக்கிற டியூபைக் கீழே வைத்துவிடுவேன். யாரோ என் தோளைத் தொட்டு, ‘உன்னைத்தாம்ப்பா கேக்கறேன்’ என்பது போல் இருக்கும். பேச்சாளர்கள் நாட்டைப் பற்றிப் பேசும்போது நான் கூட்டத்தில் ஒருத்தன். அந்தக் குரல் பேசும்போது நான் தனி ஆள். அதை எழுதிப் பேசியவரை எனக்குத் தெரியாது, இருந்தாலும் அவர் மேல் ஒரு மரியாதை வந்து ஒட்டிக்கொண்டது.

நான்காவது கேள்விக்கு வருகிறேன். அதற்கு ஆண் குரல் பதில் சொல்லாது. கேட்டுவிட்டு நின்றுவிடும். ஒரு பெண் குரல் வரும். கவிதை படிக்கிற குரல் இல்லை. அடுப்படியில் பேசுகிற சாதாரணப் பேச்சு, லேசாக நடுங்கும்.

“ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டு
வாசல் வரைக்கும் வந்து நிக்கிறேன்.
எனக்கும் உண்டு இந்த நாடு.”

அவ்வளவுதான். அந்த மூன்று வரிக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் வாசலுக்கு வருவார்கள். மைதானத்துக்குப் போக அவர்களுக்கு எங்கே நேரம்? ஆனால் மூன்றாவது கேள்வி முடிகிறபோதே அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். தெரு முழுக்க, வாசலுக்கு ஒருத்தி. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வரி முடிந்ததும் உள்ளே போய்விடுவார்கள்.

அந்தப் பெண் குரல் யாருடையது என்பது மூன்று பேருக்கு மட்டும் தெரியும். ஹலோக்காரருக்கு, அண்ணிக்கு, எனக்கு.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கொடியேற்றும் நாளுக்கு முந்தைய மதியம். நல்ல மழை. அடுத்த ஊரிலிருந்து புதிதாக வாங்கிவந்த கேசட்டை ஹலோக்காரர் மூன்றாவது தடவையாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மழைக்கு நான் அங்கே ஒதுங்கியிருந்தேன். திடீரென்று குரல் இழுத்தது, கட்டை வண்டி மாதிரி முனகியது, நின்றது. மூடியைத் திறந்தால் நாடா உருளையில் சுற்றிக் கசங்கிக் கிடக்கிறது. பென்சிலை விட்டுச் சுற்றி, கசங்கியதை வெட்டி எடுத்துப் பார்த்தால் நான்காவது பதில் முழுசாகப் போய்விட்டது. கேள்வி இருக்கிறது, பதில் இல்லை. மழையில் அடுத்த ஊருக்குப் பஸ்ஸும் இல்லை.

“நாளைக்குக் காலைல மைதானத்துல என்ன செய்வேன்? கேள்வியைக் கேட்டுட்டு மொட்டையா நின்னா சிரிப்பாங்களே” என்று தலையில் கை வைத்தார்.

“நீங்களே பேசிச் சேத்துடுங்கண்ணே” என்றேன்.

“என் குரலு ஊருக்கே தெரியும். வாயைத் தொறந்தா ஹலோன்னுதான் கேக்கும்.”

தட்டிக்குப் பின்னாலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், கல்யாணமாகி ஒரு வருஷம். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள்.

“நான் பேசட்டுமா?”

“உனக்கு அந்த வரி ஞாபகம் இருக்கா?”

“இல்லை. ஆனா கேள்வி ஞாபகம் இருக்கு” என்றாள்.

இரண்டு கேசட் போடுகிற பெட்டி அது. ஒரு பக்கம் ஓடவிட்டு மறு பக்கம் பதிந்துகொண்டே வந்தார். கேள்வி முடிந்ததும் நிறுத்தி, மைக்கை அவள் முன்னால் நீட்டினார். அவள் இடுப்பில் செருகியிருந்த துண்டில் கையைத் துடைத்தாள். ஒரு நிமிஷம் மைக்கைப் பார்த்தாள். சொன்னாள். நானும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். “இன்னொரு தடவை ஓடவிடுங்கண்ணே” என்றேன். அவரோ, “சத்தம் கொஞ்சம் கம்மி. பரவாயில்லை” என்றார். புருஷன்கள் இப்படித்தான்.

மறுநாள் மைதானத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். அப்போது இளவயதில் இருந்த ஒரு டீச்சர் ஓடிவந்து, “யாருங்க அந்தம்மா? என்ன குரல்!” என்று கேட்டாள். ஹலோக்காரருக்கு வியர்த்துவிட்டது. அடுத்தவர் கவிதையில் கை வைத்தது குற்றம் என்று மனசில் பயம். வாயில் வந்ததைச் சொன்னார்.

“அது... அந்தக் கவிதைக்காரரோட சம்சாரம்னு நினைக்கிறேன் டீச்சர்.”

அதோடு ஊர் அதை நம்பிவிட்டது. பக்கத்தில் அண்ணி ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அந்தக் கேசட்டிலிருந்து எத்தனையோ பிரதிகள் போயின. பிறகு அதுவே பென்டிரைவுக்கு ஏறியது. குரல் மட்டும் மாறவில்லை.

இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் புது மண்டபம் கட்டி முடித்தார்கள். அன்று ஓடிவந்த டீச்சர்தான் இப்போது பெரிய டீச்சர். கொடியேற்ற யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்து, அந்தக் கவிதைக்காரரையே கூப்பிட்டுவிட்டாள். நேரில் வந்து மைதானத்தில் சொல்லட்டும் என்று. கடிதத்தில், ‘தங்கள் துணைவியாருடன் வருக’ என்று எழுதியிருக்கிறாள்.

நாலு நாள் கழித்து ஒரு மதியம் ஹலோக்காரர் கடைக்கு வந்தாள். நான் ஒரு ரிம்மைக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தேன். காது மட்டும் அங்கே.

“அவர் போன் பண்ணினாருங்க. வர்றேன்னு சொல்லிட்டார். ஆனா ஒரு விஷயம், தனக்குக் கல்யாணமே ஆகலைன்னு சொல்றாரே!”

ஹலோக்காரர் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. குனிந்து எடுக்க ரொம்ப நேரமானது.

“அப்ப... தங்கச்சியா இருக்கும் டீச்சர்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்து, ரிம் கையை விட்டு உருண்டு ரோட்டுக்குப் போய்விட்டது. பெரிய டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டே போனாள். அவள் தெரு திரும்புவதற்குள் ஹலோக்காரர் என் கடையில் வந்து உட்கார்ந்தார்.

“மாட்டிக்கிட்டேன்டா. அவர் வந்து கேட்டா, என் கவிதைல யாருடா கை வெச்சதுன்னு ஊர் முன்னாடி கேப்பாரு. இனிமே எந்த மேடைல எவன் என்னைக் கூப்பிடுவான்?”

“உண்மையைச் சொல்லிடுங்கண்ணே.”

“இருபத்திரண்டு வருஷம் கழிச்சா?”

அவர் வேறு வழி வைத்திருந்தார். தன் அக்கா பையனிடம் சொல்லி, கைபேசியில் தேடி, அசல் பதிவைக் கண்டுபிடித்து வாங்கிவிட்டார். அதைக் கடையில் போட்டுக் கேட்டோம். நான்காவது கேள்வி வந்தது. அதே ஆண் குரல் பதில் சொன்னது.

“வீழ்ந்தவர் உறங்கும் மண்ணில்
விழித்திருப்பவர் நாடு.”

அண்ணி பற்றவைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “நல்லா எழுதியிருக்காரு” என்றாள். மனசாரத்தான் சொன்னாள். அவளுக்கும் அந்தக் குரல் மேல் அவ்வளவு மதிப்பு.

“இனிமே இதைத்தான் போடணும். பழசை அழிச்சிடறேன். ஒரு பிரதி கூட வேண்டாம்” என்றார் ஹலோக்காரர்.

அவள் கம்பியைத் தாங்கியில் வைத்தாள். புகை அடங்கும்வரை அதையே பார்த்தாள்.

“என்னங்க, நான் ஒண்ணு கேக்கட்டுமா? இத்தனை வருஷமா என் குரலுக்கு அடுத்தவர் சம்சாரம்னு பேர் வெச்சீங்க. சரின்னு இருந்தேன். போன வாரம் தங்கச்சியாக்கினீங்க. அதுக்கும் ஒண்ணும் சொல்லலை. இப்ப குரலே வேண்டாங்கறீங்க.”

“அது தப்பும்மா. அவரோட கவிதை...”

“தப்புதான். அவர் வந்து தப்புன்னு சொன்னா கேட்டுக்கறேன். நீங்க ஏன் முந்திக்கிட்டு அழிக்கறீங்க?”

அவள் தட்டிக்கு அந்தப் பக்கம் போய் ரொட்டி சுட்டாள். அவருக்கு வைத்தாள், எனக்கும் ஒன்று கொடுத்தாள். அதில் உப்பே இல்லை. இருவரும் வாயைத் திறக்காமல் தின்றோம்.

கொடியேற்றும் நாளுக்கு முந்தைய மதியம் ஸ்பீக்கர்களைக் கட்டி முடித்து, வழக்கம்போல ஒத்திகைக்கு ஓடவிட்டார். இந்தத் தடவை அசல் பதிவு. நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். மூன்றாவது கேள்வி முடிந்தது. ஒத்திகைதான் என்று தெரிந்தும் பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். தையல்காரம்மா வந்தாள், பால்காரம்மா வந்தாள், சலவைக்கடைக்காரி நுரைக் கையோடு வந்தாள். நான்காவது கேள்வி. ஆண் குரலே பதில் சொல்லிவிட்டுப் போனது.

ஒருத்தரும் உள்ளே போகவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சலவைக்கடைக்காரி நேரே மைக்செட் கடைக்கு வந்தாள்.

“ஏண்ணே, அந்தம்மா ஏன் பேசலை?”

“எந்தம்மா?” என்றார், தெரியாதவர் மாதிரி.

“நாலாவதா பேசுமே. உடம்பு கிடம்பு சரியில்லையா அதுக்கு?”

பின்னாலேயே பால்காரம்மா. “நாங்க என்னண்ணே பாவம் பண்ணினோம்? உழவனுக்கு ஒண்ணு, கல்லுக்காரனுக்கு ஒண்ணு, இதோ இந்த சைக்கிள்காரருக்குக் கூட ஒண்ணு. எங்களுக்குன்னு இருந்ததே ஒண்ணுதான். அதையும் எடுத்துட்டீங்களே.”

“அது அசல் இல்லைம்மா. இதுதான் அசலு.”

“அசலு நகலெல்லாம் உங்க ஆம்ப்ளிஃபயருக்கு. எங்களுக்கு அந்தம்மா வேணும்” என்றாள் சலவைக்கடைக்காரி. “நாளைக்கு நாங்க எல்லாரும் மைதானத்துக்கே வர்றோம். வந்து அந்தக் கவிதைக்காரரையே கேக்கறோம்.”

தட்டிக்குப் பின்னால் அண்ணி நிற்பது எனக்குத் தெரிந்தது. பலகை இடுக்கில் அவள் துண்டின் நுனி. அவள் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குழாயைத் திறந்து முகம் கழுவும் சத்தம் கேட்டது. எனக்கு அன்றைக்கு ஹலோக்காரர் மேல் வந்த கோபத்துக்கு, அவர் வண்டிக்கு ஒட்டிய பஞ்சரைப் பிடுங்கிவிடலாமா என்று கூட யோசித்தேன்.

மறுநாள் காலை வெயில் இதமாக இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். மைதானத்தின் முன்பக்கம் பிள்ளைகள், நடுவில் ஆண்கள், நாற்காலி கிடைத்தவர்கள் நாற்காலியில். எனக்கும் ஒன்று கிடைத்தது. பின்னால் மதிலோரம் பெண்கள். அத்தனை பெண்களை அந்த மைதானத்தில் அன்றுதான் பார்த்தேன். எல்லோர் வீட்டு அடுப்பும் ஒரே நேரத்தில் அணைந்திருக்க வேண்டும். மேடைக்குப் பக்கத்தில், ஆம்ப்ளிஃபயர் வைத்த மேஜையருகே, ஹலோக்காரரும் அண்ணியும். ஒயர் இழுக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் அவள் வந்திருந்தாள். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பேச்சு மட்டும் இல்லை.

கவிதைக்காரரைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அந்தக் குரலுக்கு ஒரு மலை மாதிரி ஆளை நினைத்து வைத்திருந்தேன். வந்தவரோ ஒல்லியாக, கண்ணாடி மூக்கில் நழுவ, “கொஞ்சம் சுடுதண்ணி கிடைக்குமாங்க?” என்று ஈனசுரத்தில் கேட்கிறார். ஹலோக்காரர் மைக்கை அவர் உயரத்துக்கு இறக்கி, தட்டி, இரண்டு ஹலோ சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

கொடி ஏறியது. கவிதைக்காரர் மைக் முன்னால் வந்தார். சுடுதண்ணீரை ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார்.

“இது யாருடைய நாடு?”

அந்த ஒல்லி உடம்புக்குள் எங்கே இருந்தது அது! பதிவில் கேட்டதைவிட வயசாகியிருந்தது, ஓரங்களில் கரகரப்பு ஏறியிருந்தது, ஆனால் அதே குரல். முன்வரிசைப் பிள்ளைகள் சொறிவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். ஏர் பிடித்தவன் வரிக்கு உழவர்கள் பக்கம் ஒரு அசைவு. கல்லுக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என் வரியும் வந்தது. இருபத்திரண்டு வருஷம் குழாயில் கேட்டதை நேரில் கேட்க என் மயிர்க்கால் குத்திட்டது. வாழ்க மகராசன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

நான்காவது முறையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, பதிவில் நிறுத்துகிற அளவுக்குத்தான் நிறுத்தினார். அந்த இடைவெளி போதுமாக இருந்தது.

மதிலோரத்திலிருந்து வந்தது. முதலில் சலவைக்கடைக்காரி குரல், பிறகு பால்காரம்மா, பிறகு பிரித்துச் சொல்ல முடியாத அத்தனை பேரும்.

“ஈரக் கையைத் துடைச்சுக்கிட்டு
வாசல் வரைக்கும் வந்து நிக்கிறேன்.
எனக்கும் உண்டு இந்த நாடு.”

கவிதைக்காரர் கண்ணைத் திறந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தூரத்தில் மதிலைப் பார்த்தார்.

“இது நான் எழுதினதில்லையே” என்றார் மைக்கில். குரல் மறுபடி சின்னதாகிவிட்டது. “யார் எழுதினது?”

யாருக்கும் தெரியவில்லை. பெரிய டீச்சர் எழுந்து, “உங்க தங்கச்சி இல்லையாங்க?” என்றாள்.

“எனக்குத் தங்கச்சியும் கிடையாதேம்மா!”

நான் ஹலோக்காரரைப் பார்த்தேன். அவர் அண்ணியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கையில் மிச்ச ஒயரைப் பிடித்துக்கொண்டு, முழங்கைக்கும் விரலுக்கும் நடுவில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். மேஜையில் கிடந்த இன்னொரு மைக்கை எடுத்தார். தட்டினார்.

“ஹலோ, ஹலோ.”

மைதானமே சிரித்தது. அவர் மைக்கைக் கீழே வைப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வைக்கவில்லை.

“கேசட்டு சிக்கிப் போச்சுங்க. இருபத்திரண்டு வருஷம் முன்னாடி. உங்க வரி கிழிஞ்சு போச்சு. நான்தான் வேற குரலைச் சேத்தேன். உங்க சம்சாரம்னு பொய் சொன்னது நான்தான். தங்கச்சின்னு சொன்னதும் நான்தான். தப்பு முழுக்க என்னோடது. வரி மட்டும்...” நிறுத்தினார். “வரி என் சம்சாரத்தோடது. அவளே யோசிச்சு, அவளே சொன்னது. இதோ நிக்கறா.”

சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. அண்ணியின் கையில் ஒயர் நின்றுவிட்டது. மதிலோரத்தில் சலவைக்கடைக்காரி, “அடிப்பாவி, பக்கத்து வீட்டுலயே இருந்துக்கிட்டு!” என்று கத்தினாள்.

கவிதைக்காரர் மேடையிலிருந்து இறங்கினார். முட்டி வலிக்கும் போல, படி இறங்கவே நேரமானது. அண்ணி முன்னால் வந்து நின்றார்.

“என் வரியும் மோசமில்லைம்மா” என்றார், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

“நல்ல வரிங்க. கேட்டேன். நான் தெரியாமத்தான்...” என்றாள் அவள். குரல் நடுங்கியது, அதே நடுக்கம்.

“என் வரி அடுத்த கேள்விக்குப் போகட்டும். அஞ்சா ஆக்கிடறேன்” என்றார். பிறகு மேடை மைக்கைக் கழற்றித் தரச்சொல்லிக் கையில் வாங்கி, “நாலாவதை மறுபடியும் கேக்கறேன். பதில் தெரிஞ்சவங்களே சொல்லட்டும்” என்றார்.

கேட்டார். பதிவில் கேட்ட மாதிரி இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போல் கேட்டார்.

ஹலோக்காரர் தன் கையிலிருந்த மைக்கை அவள் முன்னால் நீட்டினார். அவள் முழங்கையில் சுற்றியிருந்த ஒயரைக் கழற்றி, சிக்கல் விழாமல் மேஜையில் வைத்தாள். காய்ந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள்.

என் வரிக்குக்கூட நான் எழுந்து நின்றதில்லை, இத்தனை வருஷத்தில். அன்றைக்கு அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் எழுந்துவிட்டேன்.